சிப்பாயிலிருந்து அதிகாரியாக: வேலையை விட வேண்டாம்

தம்பி, வயது 24, பிளஸ் டூ பாஸ், ராணுவத்தில் மூன்று வருட சர்வீஸ். ‘வெளியே வந்து டிகிரி முடித்து, பட்டதாரிகள் ராணுவ அதிகாரியாவதற்கான சிடிஎஸ் தேர்வு எழுதலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த யோசனையே வேண்டாம். டிகிரி கைக்கு வரும்போது சிடிஎஸ் வயது வரம்பைத் தாண்டியிருப்பீர்கள்.

சர்வீஸில் இருந்துகொண்டே அதிகாரியாக, உங்களுக்கென்றே இருப்பது ஏசிசி, ஆர்மி கேடட் காலேஜ். வயது 20 முதல் 27 வரை, குறைந்தது இரண்டு வருட சர்வீஸ், பிளஸ் டூ. எழுத்துத் தேர்வு, அப்புறம் எஸ்எஸ்பி, அதாவது அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் தேர்வு. தேறினால் டேராடூனில் மூன்று வருடம் படித்து டிகிரி, அடுத்து ஐஎம்ஏவில் (இந்திய ராணுவ அகாடமி) ஒரு வருடப் பயிற்சி. விண்ணப்பம் யூனிட் வழியாகத்தான் போகும். யூனிட்டின் தலைமை அதிகாரியான சிஓ பரிந்துரைக்க வேண்டும். அதனால் கிளார்க்கிடம் இன்றே பேசுங்கள்.

எழுத்துத் தேர்வைவிட எஸ்எஸ்பிதான் பலரை வீட்டுக்கு அனுப்புகிறது. திரையில் ஒரு சொல் வரும், 15 விநாடியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இப்படி 60 சொற்கள். பத்தாவது சொல்லிலேயே கை நடுங்கும். தினமும் ராத்திரி ரோல் கால் முடிந்ததும் கடிகாரம் வைத்துப் பழகுங்கள். குழு விவாதத்தில், ஹவில்தார் முன் நிற்பதுபோல ‘எஸ் சார்’ என்று ஒதுங்கிவிடாதீர்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

27 தாண்டிவிட்டாலும், சிப்பாய்கள் அதிகாரியாக எஸ்சிஓ (ஸ்பெஷல் கமிஷன்ட் ஆபீசர்) என்று இன்னொரு கதவு இருக்கிறது. அது இப்போது உங்களுக்குத் தேவையில்லை.