ப்ராட்ஹெட் மட்டும் இடப்பக்கம் போனா

வணக்கம் நண்பரே. 30 கஜத்துல எய்தா பயிற்சி முனை நடுவுல விழுது, அதே 100 கிரெயின் எடையுள்ள ப்ராட்ஹெட் (பிளேடு வச்ச வேட்டை அம்பு முனை) 4 அங்குலம் இடப்பக்கம் போகுது, மெக்கானிக்கலுக்கு (பட்டதும் பிளேடு விரியற முனைக்கு) மாறலாமான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்பட்டு மாறாதீங்க. உங்க அம்பு வில்லை விட்டுக் கிளம்பும்போதே லேசா கோணலா கிளம்புது. பயிற்சி முனையில அது தெரியாது. முன்னாடி பிளேடு வந்ததும் காத்தைப் பிடிச்சு இழுத்துடும்.

முதல்ல அம்பை முனை கீழே இருக்கற மாதிரி நிறுத்தி, பம்பரம் மாதிரி சுத்திப் பாருங்க. பிளேடுக்கு மேல துளி ஆட்டம் தெரிஞ்சாலும் அந்த அம்பை ஒதுக்கிடுங்க. அப்புறம் ரெஸ்டை (வில்லுல அம்பைத் தாங்கற பாகம்) வலப்பக்கம், அதாவது பயிற்சி முனை விழற பக்கம், 1/32 அங்குலம் மட்டும் நகர்த்தி, ரெண்டு முனையையும் மாத்தி மாத்தி எய்யுங்க. எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆச்சு, கடைசியில ரெண்டும் ஒட்டிக்கிட்டு நின்னுது.

உங்க வில்லோட இழுவிசை 45 பவுண்டுதான். மெக்கானிக்கல்ல பிளேடு விரியவே கொஞ்சம் சக்தி போயிடும். ஒயிட்டெயில் மானோட ரெண்டு நுரையீரலையும் துளைச்சு அம்பு வெளிய வரணும். நுனியிலிருந்தே வெட்டுற ரெண்டு பிளேடு முனைதான் நான் எடுப்பேன். பென்சில்வேனியாவுல அக்டோபர் முதல் வாரத்துக்குள்ள வில் வேட்டை சீசன் திறந்துடும். பயிற்சிக்கு எய்த பிளேடை அதுக்குள்ள தீட்டி வச்சிடுங்க.