மாநில மசோதாவும் நகரசபைத் தீர்மானமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் ஊர் மன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டால் மாநில மசோதா நின்றுவிடுமா? (வாசகர், சித்தூர்)

பதில்: எந்தச் சித்தூர் என்று நீங்கள் எழுதவில்லை. பாலக்காட்டுச் சித்தூர் என்றால் அது சித்தூர்–தத்தமங்கலம் நகரசபை. ஆந்திரச் சித்தூர் என்றால் அது மாநகராட்சி, அதற்குரிய சட்டமும் வேறு. எல்லைப் பகுதியிலிருந்து எழுதுவோர் மாநிலத்தையும் மாவட்டத்தையும் தவறாமல் குறிப்பிட வேண்டும் என்று பலமுறை கேட்டுக்கொண்டுவிட்டேன். இந்தக் கேள்வியைப் பொறுத்தவரை இரண்டு ஊருக்கும் பதில் ஒன்றுதான்: நிற்காது. உள்ளாட்சி என்பது அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் ஐந்தாவது இனம். 1992-இன் 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்து, பன்னிரண்டாம் அட்டவணையில் 18 துறைகளையும் வரிசைப்படுத்தியது. ஆனால் அவற்றில் எதை, எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்திடமே விட்டுவிட்டது. எனவே மன்றத்தின் தீர்மானத்துக்குக் கருத்து என்ற அளவில்தான் மதிப்பு உண்டு.

கேள்வி: சேர்மன் ஒரு பேட்டியில் மசோதாவை ஆதரித்துப் பேசினார். அது நகரசபையின் நிலைப்பாடு ஆகுமா? (பாலக்காடு)

பதில்: ஆகாது. மன்றக் கூட்டத்தில் நிறைவேறி, மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பேட்டில், ஏறியது மட்டுமே நிலைப்பாடு.

கேள்வி: எங்கள் நகரசபையில் இதற்கென்று நிலைக்குழு உண்டா? (கொழிஞ்சாம்பாறை)

பதில்: உங்கள் ஊர் கிராமப் பஞ்சாயத்து. அதற்கு 1994-ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் பொருந்தும். முதலில் கிராமசபையில் கேளுங்கள்.

கேள்வி: 2022-இல் சொத்துவரி உயர்வுக்கு எங்கள் கவுன்சிலர்களே கை தூக்கினார்கள். எதிர்த்திருக்கக் கூடாதா? (பொள்ளாச்சி)

பதில்: தமிழ்நாட்டில் அந்த ஆண்டு பிப்ரவரியில் தேர்தல் முடிந்து, மார்ச் மாதத்தில்தான் மன்றங்கள் பொறுப்பேற்றன. ஏப்ரல் தொடக்கத்திலேயே, கட்டடத்தின் பரப்பையும் பயன்பாட்டையும் இடத்தையும் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரையிலான உயர்வை அரசு அறிவித்துவிட்டது. சொத்துவரிக்கு அடிப்படை வீதம் அறிவித்து வருவாய் வளர்ச்சியும் காட்டினால்தான் உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் என்பது 15-ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை. மானியத்தை இழக்க எந்த மன்றமும் துணியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்மானத்துக்கு வாக்களித்துக்கொண்டே, சிறு வீடுகளுக்கான வீதத்தைக் குறைக்கும்படி பரிந்துரை சேர்க்க எந்தத் தடையும் இருக்கவில்லை. உங்கள் கவுன்சிலர் அப்படி ஏதேனும் பதிவு செய்தாரா என்று மினிட்ஸைப் பாருங்கள். வெளிநடப்புச் செய்தார் என்பது நாளிதழுக்குச் செய்தியாகலாம். மன்றத்தின் நிலைப்பாடாக அது எங்கும் பதிவாகாது.

கேள்வி: ‘இந்த மக்கள் விரோத மசோதாவை இம்மன்றம் வன்மையாகக் கண்டிக்கிறது’ என்று ஒரு தீர்மானம் எழுதிக் கவுன்சிலரிடம் கொடுத்திருக்கிறோம். போதுமா? (சித்தூர்–தத்தமங்கலம்)

பதில்: போதாது. எந்த மசோதா என்றே அதில் இல்லை. மசோதா எண்ணும் பிரிவும் குறிப்பிடாத தீர்மானத்தைத் தலைமைச் செயலகத்தில் எந்த அலுவலரும் எந்தக் கோப்பிலும் சேர்க்க முடியாது. இதை இந்தப் பகுதியில் எத்தனையோ முறை எழுதியும், வருகிற வரைவுகள் எல்லாம் கண்டனச் சொற்களால் மட்டுமே நிரம்பி வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ‘இன்ன ஆண்டின் இன்ன எண் மசோதா, பிரிவு 4, உட்பிரிவு 2: கட்டட அனுமதியை மன்றத்திடமிருந்து எடுக்கும் இந்த உட்பிரிவை நீக்க வேண்டும், காரணம், வடிகாலைப் பராமரிக்கும் பொறுப்பு மன்றத்திடமே தொடர்கிறது’ என்ற வடிவில் நான்கு வரி இருந்தால் போதும். எது வேண்டாம், ஏன் வேண்டாம், அதற்குப் பதில் என்ன வேண்டும் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்தது காலம். மசோதா கெஜட்டில் சட்டமாக வந்த பிறகு எதிர்ப்புத் தீர்மானம் போடும் மன்றங்களே அதிகம். கேரளத்தில் அறிமுகமான மசோதா வழக்கமாகச் சட்டமன்றத்தின் சப்ஜெக்ட் கமிட்டிக்கு, அதாவது துறைவாரியான உறுப்பினர் குழுவுக்கு, போகும். 1980 முதல் உள்ள இந்த ஏற்பாட்டில், கமிட்டி பிரிவு பிரிவாக ஆராயும் நாள்களே நகரசபையின் குரல் எட்டக்கூடிய நாள்கள். அந்த வாய்ப்பும் எப்போதும் கிடைப்பதில்லை. 2024 ஜூனில் வார்டு எண்ணிக்கையைக் கூட்டும் பஞ்சாயத்து, நகரசபைத் திருத்த மசோதாக்கள் கமிட்டிக்குப் போகாமலேயே நிறைவேறின. நகரசபைகளின் அமைப்பையே மாற்றும் மசோதாவில் நகரசபைகளிடம் கேட்க நேரமில்லை என்பது முறையன்று என்பதே என் கருத்து. இப்படி நடக்கக்கூடும் என்பதால்தான், மசோதா வரும்வரை காத்திராமல், எந்தெந்தப் பொருளில் மன்றத்தின் கருத்து என்ன என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே தீர்மானித்து வைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், மாநில மசோதா குறித்த நகரின் அதிகாரபூர்வ நிலைப்பாடு எதுவாயினும் மேயரின் இசைவோடு மன்றத் தீர்மானமாக முதலில் நிறைவேற வேண்டும். மசோதாவை ஆராய்ந்து அறிக்கை தருவதற்கென்று மன்றத்துக்குத் தனி ஆய்வு அலுவலகமும் இருக்கிறது. நம் நகரசபைகளுக்கு அத்தகைய அலுவலகம் வேண்டாம். மசோதாவைப் படித்துக் குறிப்பு எழுத ஒரு எழுத்தரும், விவாதிக்க ஒரு நிலைக்குழுக் கூட்டமும் போதும்.

கேள்வி: சட்டம் வந்துவிட்டது. ‘எங்கள் நகரில் அமல்படுத்த மாட்டோம்’ என்று தீர்மானிக்கலாமா? (பாலக்காடு)

பதில்: கூடாது. திருத்தம் கேட்பது உரிமை. அமலை மறுப்பது அதிகார மீறல். அத்தகைய தீர்மானத்தை அரசு ரத்து செய்யலாம். கேரளத்தில் அதற்கு முன் ஓம்புட்ஸ்மேன் (உள்ளாட்சி பற்றிய புகார்களை விசாரிப்பவர்) அல்லது தீர்ப்பாயத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற பாதுகாப்பு மட்டும் உண்டு.

கேள்வி: தனி அலுவலர் காலத்தில் நகராட்சியின் கருத்தை யார் சொல்வது? (நகரி, ஆந்திரம்)

பதில்: யாரும் சொல்ல மாட்டார்கள். தனி அலுவலர் என்பவர், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் நகராட்சியை நடத்த நியமிக்கப்படும் அரசின் ஊழியர். அரசின் மசோதாவுக்கு எதிராக அவர் கையெழுத்திடுவார் என்று எதிர்பார்க்க இயலாது. மன்றத்தின் ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் முடிய வேண்டும் என்பது அரசியலமைப்பின் 243யு பிரிவு. ஆயினும் உங்கள் மாநிலத்தில் 2019 முதல் 2021 வரையிலும், தமிழ்நாட்டில் 2016 முதல் 2022 வரையிலும் மன்றங்கள் இல்லாமலே நகராட்சிகள் நடந்தன. அந்த ஆண்டுகளில் வந்த எந்தச் சட்டத்துக்கும் அந்த ஊர்களின் கருத்து பதிவாகவில்லை.

கேள்வி: மசோதா பற்றி அரசுக்குத் தமிழில் எழுதலாமா? (தேவிகுளம்)

பதில்: தாராளமாக எழுதலாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழிலேயே வர வேண்டும். மசோதா எண்ணை மறக்க வேண்டாம்.

கேள்வி: தீர்மானத்தை அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார்கள். உண்மையா என்று எப்படி அறிவது? (பொள்ளாச்சி)

பதில்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டி விண்ணப்பியுங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும். தீர்மான நகலோடு, அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் சேர்த்துக் கேளுங்கள்.