இராமேஸ்வரம் சாலை ஏன் இப்படி இழுக்கிறது? ஒடுங்கும் இடத்தில் கடைசி வரை வந்து நுழைகிறவருக்கு வழி விடலாமா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். பரமக்குடியில் இருந்து கடற்கரை வரை சாலையை அகலப்படுத்தும் வேலை ஏன் வருடக்கணக்கில் இழுக்கிறது என்பது ஒன்று. நான்கு வழி ஒடுங்கும் இடத்தில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, காலியான பக்கத்தில் கடைசி வரை ஓட்டி வந்து தலையை நுழைக்கிறாரே ஒருவர், அவருக்கு வழி விட வேண்டுமா என்பது இன்னொன்று.

இரண்டாவதற்கு என் பதில்: வழி விடுங்கள், அவர் செய்வது சரி. ஆனால் அது நான்கு வழிச் சாலைக்கு மட்டும்தான். உச்சிப்புளி, வேதாளை, மண்டபம் பக்கம் இருக்கிற இருவழிச் சாலையில் அதே வேலையைச் செய்கிறவர் காலியான பக்கத்தில் வரவில்லை, எதிரே வருகிறவரின் பாதையில் வருகிறார். நம் ஊரில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பாதி நெரிசல் அங்கேதான் பிறக்கிறது.

நான் தங்கச்சிமடத்தில் இருந்து மதுரைக்கு 17 வருடமாக மீன் லோடு அடிக்கிறேன். மீன் வண்டிக்காரனுக்கு நெரிசலின் கணக்கு தண்ணீரில் தெரியும். பெட்டியில் மீனுக்குச் சரிபாதி ஐஸ் போட்டுத்தான் ஏற்றுவோம். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் பின் கதவு இடுக்கில் சொட்டுகிற தண்ணீர் தெளிவாக இருக்கும். வெயிலில் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் சொட்டு கயிறாகும். அப்புறம் அதில் லேசாகச் சிவப்பு கலக்கும். சிவப்பைப் பார்த்துவிட்டால் விளைமீனின் செவுள் நிறம் மங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மார்க்கெட்டில் ஏலம் எடுப்பவர் முதலில் செவுளைத்தான் தூக்கிப் பார்ப்பார். அதனால் எனக்கு இந்தச் சாலையைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது.

முதலில் தாமதம். மதுரையில் இருந்து பரமக்குடி வரை நான்கு வழி வந்துவிட்டது. அதற்குக் கிழக்கே இருவழிதான். பரமக்குடி முதல் இராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 1,853 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2025 ஜூலை 1 அன்று. பேப்பரில் அதைப் படித்துவிட்டு மறுவருடம் சாலை வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. ஒப்புதலுக்கும் தாருக்கும் நடுவில் இருப்பது நிலம்.

நிலம் எடுப்பது 1956-ஆம் வருட தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நடக்கிறது. முதலில் 3ஏ அறிவிப்பு, இந்த நிலத்தை எடுக்கப் போகிறோம் என்று அரசு சொல்வது. அது வந்த 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். பிறகு 3டி அறிவிப்பு, அதோடு நிலம் அரசுடையதாகிவிடும். 3ஏ வந்து ஒரு வருடத்துக்குள் 3டி வராவிட்டால் முதல் அறிவிப்பே செல்லாமல் போய்விடும், மறுபடி ஆரம்பத்தில் இருந்து வர வேண்டும். அதற்கப்புறம் 3ஜி-யில் இழப்பீட்டுத் தொகை நிர்ணயம். 2015-ல் இருந்து இந்தத் தொகையை 2013-ஆம் வருட நிலம் எடுப்புச் சட்டத்தின் கணக்குப்படி போடுகிறார்கள். அதனால் கையில் கிடைப்பது முன்பைவிட அதிகம். ஆனால் யார் கையில் என்பதுதான் எங்கள் மாவட்டத்துச் சிக்கல்.

என் மாமனார் குடும்பத்தில் சாலையோரமாக 11 சென்ட் முந்தின தடவை போனது. பட்டா அவருடைய தாத்தா பெயரில். தாத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள். ஒருவர் மலேசியாவுக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டார். இன்னொருவர் சவுதியில் இறந்துபோனார், அவர் பிள்ளைகள் திருப்பூரில். ஐந்து கிளைக்கும் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மலேசியாவில் இருந்து தூதரக முத்திரையோடு பவர். தாலுகா ஆபீஸுக்கும் வீட்டுக்குமாக என் மச்சினன் நடந்ததில் இரண்டரை வருடம் போனது. இந்தக் கரையில் கடல் தாண்டிப் பிழைக்கப் போகாத குடும்பம் எது? கீழக்கரையிலும் தொண்டியிலும் ஒவ்வொரு தெருவிலும் இந்தக் கதை உண்டு. பணத்தைக் கட்டிவிட்டு 60 நாள் நோட்டீஸில் நிலத்தை எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் பணம் கைக்கு வராத வீட்டு வாசலில் ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்த எந்த அதிகாரியும் லேசில் துணிவதில்லை. துணியக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். சாலை இல்லாமல் கஷ்டப்படுகிறவன் நான்தான். இருந்தாலும் அந்த 11 சென்டில் நின்ற ஆறு பனையை வைத்துத்தான் என் மாமியார் வீட்டில் மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தார்கள்.

இந்த மாதிரித் திட்டத்தில் கட்டுமானக் காலத்தில் அரசு செலவில் 40 சதவீதத்தைக் கொடுக்கும். மீதியை ஒப்பந்தக்காரர் போட்டு, 15 வருடத்தில் தவணையாக வாங்கிக்கொள்வார். அவர் போடுகிற பணம் பெரும்பாலும் வங்கிக் கடன். அதனால் 80 சதவீத நிலம் கைக்கு வந்த பிறகுதான் வேலையின் முதல் நாளையே கணக்கில் எடுப்பார்கள். மீதி 20 சதவீதம்தான் நடுநடுவே சொத்தைப் பல்லாக நிற்கும். புதுச் சாலையில் 80-ல் வந்துகொண்டிருப்போம், திடீரென்று டிரம்மும் மணல் மூட்டையும். அந்த 200 மீட்டர் யாரோ ஒருவருடைய கோர்ட் கேஸ்.

நிலம் போக, மின்கம்பம் மாற்ற வேண்டும். சாலையோரக் காவிரிக் குடிநீர்க் குழாயை மாற்ற வேண்டும், அதுவும் ஊருக்குத் தண்ணீர் நிற்காமல். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். மேடு போட மண் வேண்டும். இங்கே மண் என்றால் கண்மாய், அதற்குத் தனி அனுமதி. எங்கள் பக்கம் தரை ஒரே மட்டம். மழைத் தண்ணீர் ஒரு கண்மாய் நிறைந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். நடுவில் சாலையை உயர்த்தினால் வாய்க்காலுக்கு வாய்க்கால் சிறுபாலம் வைத்தாக வேண்டும். வைக்காமல் போட்டால் ஒரு பக்கம் வயல் மூழ்கும், மறுபக்கம் காயும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் தை வரைக்கும் மண் வேலை ஓடாது. அதே மாதங்களில்தான் ஐயப்பசாமி வண்டிகள் ஆந்திராவில் இருந்தும் கர்நாடகாவில் இருந்தும் இராமேஸ்வரத்துக்கு வரிசையாக வரும். தோண்டிப் போட்ட சாலை, மழை, ஊர் தெரியாத ஓட்டுநர்கள் மூன்றும் சேர்ந்தே வரும்.

ஆக, நாம் ஒடுங்கும் இடங்களோடு இன்னும் சில வருடம் வாழத்தான் வேண்டும். அதனால் நுழைவதைப் பற்றிப் பேசுவது அவசியம்.

நான்கு வழியில் நம் திசைக்கு இரண்டு தடம். முன்னால் ஒன்று அடைபடுகிறது. அறிவிப்புப் பலகையைப் பார்த்ததுமே நல்ல மனிதர்கள் எல்லோரும் இடது பக்கம் ஒதுங்கி நிற்கிறார்கள். வலது தடம் ஒரு கிலோமீட்டருக்குக் காலி. அதில் ஒருவர் வந்தால் ‘முண்டியடிக்கிறான்’ என்று கோபம். முட்டுவதுபோல் நெருக்கி நிறுத்தி வழியை அடைக்கிறோம். அவர் நடுவில் மூக்கை நீட்டி நிற்பார், ஹாரன், கெட்ட வார்த்தை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடத்தில் நிற்கும் 100 வண்டி இரண்டு தடத்தில் நின்றால் வரிசை பாதி நீளம்தான். நீளம் பாதியானால் பின்னால் இருக்கிற ஊர் விலக்குகளின் வாய் அடைபடாது. அதனால் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இரண்டு தடத்திலும் கடைசி வரை வருவதும், ஒடுங்கும் புள்ளியில் இடதில் ஒன்று வலதில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போவதும்தான் முறை. பேண்ட் ஜிப்பின் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று கோர்ப்பது மாதிரி. ஜெர்மனியில் இது சட்டமே. பெல்ஜியத்தில் 2014-ல் கட்டாயமாக்கினார்கள். வேகமாக ஓடுகிற நேரத்தில் மட்டும் இது வேண்டாம். அப்போது இடைவெளி கிடைக்கும்போதே முன்கூட்டி மாறிவிடுவதுதான் பத்திரம்.

பிரேக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானில் ஒரு சோதனை செய்து 2008-ல் வெளியிட்டார்கள். 230 மீட்டர் வட்டத்தில் 22 கார்கள், எல்லாம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். பள்ளம் இல்லை, ஒடுக்கம் இல்லை, குறுக்கே மாடு இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே நெரிசல் உண்டாகி, நிற்கிற கூட்டம் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. ஒருவர் லேசாகப் பிரேக் தொட்டால் பின்னால் வருகிறவர் கொஞ்சம் கூடுதலாகத் தொடுகிறார், அடுத்தவர் இன்னும் கூடுதலாக. பத்தாவது ஆள் நின்றே போகிறார். இது தெரிந்த பிறகு, ஒடுங்கும் இடத்தில் முன் வண்டியின் பம்பரை ஒட்டிப் போவதை விட்டுவிட்டேன். இரண்டு வண்டி இடைவெளி விட்டு, இரண்டாவது கியரில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பேன். அந்த இடைவெளியில் யாராவது நுழைந்தால் நுழையட்டும்.

இப்போது இருவழிக்கு வருகிறேன். இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு ஆடி அமாவாசைக்கு முந்தின சாயங்காலம். வேதாளைக்கு மேற்கே சிறுபாலம் வேலை, சாலையில் பாதி அடைப்பு. கொடியோடு ஒருவர் நின்று இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் முப்பது வண்டிக்கு மேல். உள்ளே கணவாயும் நண்டும். எதிர்ச் சாரி அந்த நிமிடம் காலியாகத் தெரிந்தது. ரைட்டில் ஏறினேன். எனக்குப் பின்னால் ஒரு வேன், இரண்டு கார், ஒரு மினி பஸ் என்று ஏறிவிட்டார்கள். கொடிக்காரர் கையை ஆட்டிக் கத்தினார். அதற்குள் எதிர்ப் பக்கம் திறந்து, அமாவாசைக் கூட்டம் மொத்தமும் என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. இடது பக்கம் வரிசை, வலது பக்கம் தோண்டிய பள்ளம், பின்னால் வழியில்லை. ஒரே ஒரு வண்டி செய்த காரியத்தில் இரண்டு பக்கமும் ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் பூட்டிக்கொண்டது.

எனக்குப் பின்னால், மண்டபத்தில் இருந்து இராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற 108 வண்டி மாட்டியிருந்தது. சைரன் காதில் விழுந்துகொண்டே இருந்தது, வண்டியை எங்கே ஒதுக்குவேன்? கடைசியில் ஊர்ப் பையன்கள் நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு என் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நடந்து போனார்கள். அதில் ஒரு பெரியவர், மூக்கில் ஆக்சிஜன், சிலிண்டரைத் தனியாக ஒரு பையன் தோளில் வைத்திருந்தான். கூட வந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, “தம்பி, ஒரு அஞ்சு நிமிசம் பொறுத்திருக்கக் கூடாதாய்யா” என்றார். திட்டவில்லை. அந்தப் பக்கம் நின்ற ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரியவர் பிழைத்துக்கொண்டார் என்று அந்த 108 ஓட்டுநரே பிறகு சொன்னார். பிழைக்க வைத்தது அந்தப் பையன்களின் தோள். ஆம்புலன்ஸுக்கு வழி மறித்தால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தச் சட்டத்தில் இருக்கிறது. அபராதத்தை நினைத்து யாரும் எதிர்ச் சாரியில் ஏறாமல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அந்த அம்மா குரல் போதும்.

அந்த வேலையை எடுத்திருந்தவர்கள் மேலும் குறை உண்டு. சாலைப் பணி நடக்கும் இடத்தை எப்படி அமைக்க வேண்டும் என்று சாலைகளுக்கான தரங்களை வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்.பி. 55 வழிகாட்டி வரையறுத்திருக்கிறது. முதலில் எச்சரிக்கும் பகுதி, அடுத்து தடத்தைச் சாய்வாக ஒடுக்கிக்கொண்டு வரும் பகுதி, பிறகு வேலை நடக்கும் இடம், கடைசியில் பழையபடி திறக்கும் பகுதி. இங்கே எச்சரிக்கும் பகுதியும் இல்லை, சாய்வும் இல்லை. வளைவு திரும்பியதும் நேராக டிரம், அதில் ஒளிரும் ஸ்டிக்கரும் இல்லை. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத ஓட்டுநர்தான் பதறி வலது பக்கம் ஏறுகிறார். ஏறினது என் தப்பு. பலகை வைத்திருந்தால் எனக்குப் பின்னால் ஏறியவர்களில் பாதிப் பேர் ஏறியிருக்க மாட்டார்கள்.

பாம்பன் பாலம் இன்னும் கொடுமை. 1988-ல் திறந்த இருவழிப் பாலம், இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஒதுங்க இடமே கிடையாது. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றதில் இருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை, மண்டபத்தில் இறங்கின ரயில் கூட்டமும் இந்தப் பாலத்தில்தான் போனது. இப்போது ரயில் ஓடுகிறது, ஆனால் அதைப் பார்ப்பதற்கென்றே காரைப் பாலத்து நடுவில் நிறுத்துகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்குக் கைகூப்பிச் சொல்கிறேன்: கீழே இறங்கி, பாம்பன் ஊருக்குள் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்து பாருங்கள். ஒரு கார் நின்றால் அதைத் தாண்ட ஒவ்வொரு வண்டியும் எதிர்ச் சாரிக்குப் போக வேண்டியிருக்கிறது, அங்கேயும் வேதாளை மாதிரியே பூட்டு விழுகிறது.

பலகை இல்லாத அடைப்பையோ, ஸ்டிக்கர் இல்லாத டிரம்மையோ பார்த்தால் 1033-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண் அது. கூப்பிடும்போது ஊர்ப் பெயர் மட்டும் சொல்லாதீர்கள், பக்கத்தில் இருக்கிற கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே பேச வேண்டாம். கல் எண்ணைக் கிளீனரையோ வீட்டுக்காரரையோ குறித்துக்கொள்ளச் சொல்லி, அடுத்த டீக்கடையில் நிறுத்திப் பேசினால் போதும்.