நோட்டுக் கட்டும் இரண்டு பிள்ளைகளும்: ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மகள் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டாள். தொடக்கப் பள்ளி ஒன்றில் வேலை கிடைக்கப்போகிறது. ஆறு வயதில் ஒரு பேரன், இரண்டு வயதில் ஒரு பேத்தி. ‘டீச்சர் வேலைன்னா பிள்ளைகளோட போயிட்டுப் பிள்ளைகளோட வந்துடலாம், குடும்பத்துக்கு இதைவிடத் தோதான வேலை எது?’ என்று உறவுக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் உங்களுக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை இரவு பத்து மணிக்கும் நோட்டு திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எது உண்மை, மகளை அனுப்பலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே உண்மைதான். அவள் போகலாம் என்பது என் பதில். ‘அனுப்புவது’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள், முடிவு அவளுடையது. உறவுக்காரர்கள் சொல்கிற காரணத்துக்காகவும் போக வேண்டாம். சுலபமான வேலை என்று நம்பி வந்தவர்கள்தான் முதல் வருடத்திலேயே நொறுங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். நானும் 17 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் இருந்தவள்தான். அதில் பாதிக் காலம் என் இரண்டு பிள்ளைகளும் சின்னவர்கள்.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு பல நாட்டு ஆசிரியர்களிடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு ஆய்வு நடத்துகிறது. 2018-ஆம் ஆண்டு ஆய்வில் ஜப்பானின் நடுநிலை வகுப்பு ஆசிரியர்கள் 56 மணி நேரம் என்றார்கள். அதே நிலையில் பாடம் நடத்தும் பின்லாந்து ஆசிரியர்கள் சொன்னது ஏறக்குறைய 33. ஜப்பானின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் 54 மணி நேரத்துக்கு மேல் போனது. இரண்டு நாட்டிலும் பிள்ளைகள் பிள்ளைகள்தான், பாடம் பாடம்தான். ஒரே தொழிலில் 20 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது என்றால், அந்த நேரம் எங்கே போகிறது? கூட்டம், பதிவேடு, அறிக்கை, விழா ஏற்பாடு, பள்ளி முடிந்த பிறகு நடக்கும் பயிற்சிகள் என்று கரைகிறது. ஆசிரியர் வேலை குடும்பத்துக்கு ஒத்துவருமா என்ற கேள்வியைவிட, இந்தப் பள்ளி ஒத்துவருமா என்ற கேள்விதான் முக்கியம்.

அதனால் வேலையில் சேரும் முன்பே அவள் கேட்க வேண்டியவை இருக்கின்றன. வாரத்தில் எத்தனை பாடவேளை? ஓய்வுப் பாடவேளை எத்தனை, அது உண்மையிலேயே கிடைக்குமா, இல்லை யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்புக்குப் போய் நிற்க வேண்டுமா? ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? கூட்டங்கள் பள்ளி நேரத்துக்குள் நடக்குமா? சனிக்கிழமை உண்டா? இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் 2005 முதல் ஆசிரியரின் கற்பித்தல் நேரத்தில் குறைந்தது 10 விழுக்காடு பாடம் தயாரிக்கவும் திருத்தவும் ஒதுக்கப்பட வேண்டும் என்று விதியே இருக்கிறது. உங்கள் மகளுக்கு அப்படி ஒரு விதி இல்லாமல் போகலாம். ஆனால் கேட்பதில் தவறில்லை. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற நிர்வாகம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று அரைநாள் விடுப்பு கேட்கும்போதும் முகம் சுளிக்கும். நேர்காணல் முடிந்து வரும்போது ஸ்டாஃப் ரூமில் இருப்பவர்களில் ஒருவரிடமாவது, ‘நீங்க எத்தனை மணிக்கு வீட்டுக்குக் கிளம்புவீங்க?’ என்று கேட்கச் சொல்லுங்கள். அலுவலக அறையில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

நேரத்தைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. இதை எந்தப் பணி ஆணையிலும் எழுத மாட்டார்கள். பிலிப் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்து, ஓர் ஆசிரியை ஒரு நாளில் ஆயிரம் முறை வரை பிள்ளைகளோடு பேச்சுக் கொடுக்கவும் வாங்கவும் வேண்டியிருக்கிறது என்று 1968-இல் எழுதினார். ‘மிஸ், இவன் என் பென்சிலை எடுத்துட்டான்’, ‘மிஸ், தண்ணி குடிக்கப் போகட்டுமா’, ‘மிஸ், இங்கே பாருங்க’. ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடியில் முடிவெடுத்து, முகத்தில் எரிச்சல் காட்டாமல் பதில் சொல்ல வேண்டும். மாலை வீட்டுப் படியேறும்போது உடம்பில் கொஞ்சம் தெம்பு இருக்கலாம். பொறுமைதான் அடிமட்டத்தில் இருக்கும். ஆயிரத்து ஓராவது ‘இங்கே பாருங்க’வைச் சொல்வது சொந்தப் பிள்ளையாக இருக்கும்.

என் மகளுக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒருநாள் கையைக் கட்டி நின்றுகொண்டு, ‘அம்மா, என்கிட்ட வகுப்புக் குரல்ல பேசாதீங்க’ என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நாற்பது பிள்ளைகளிடம் நாள் முழுக்கக் குனிந்து, கண்ணைப் பார்த்துப் பேசியவள், என் பிள்ளையிடம் மட்டும் கட்டளையாகவே பேசிக்கொண்டிருந்தேன் என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டேன். பள்ளியிலிருந்து வந்ததும் இருபது நிமிடம் யாரோடும் பேச மாட்டேன். தனியாக உட்காருவேன், இல்லாவிட்டால் வீட்டுக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கி நடந்து வருவேன். அது முடிந்ததும் அரைமணி நேரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு. போன் இல்லை, சமையலறை இல்லை, ‘வீட்டுப்பாடம் எழுதினியா’ இல்லை. அந்த இருபது நிமிடம் சுயநலம் என்று வீட்டில் சிலர் நினைத்தார்கள். அது இல்லாமல் அந்த அரைமணி நேரத்தை என்னால் கொடுத்திருக்க முடியாது. உங்கள் மகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். அவள் வந்து செருப்பைக் கழற்றியதும் குழந்தையைக் கையில் கொடுக்காதீர்கள். இருபது நிமிடம் கழித்துக் கொடுங்கள்.

குரலையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையாவது குரல் பாதிப்பு வந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் நூற்றுக்கு 57 பேருக்கு மேல். மற்ற வேலைகளில் இருப்பவர்களில் அது 29 பேர் அளவுக்குத்தான். கத்தி அடக்கும் வகுப்பு வீட்டில் பாட்டுப் பாடித் தூங்கவைக்கும் குரலையும் பறித்துவிடும். கைதட்டல், மணி, கை உயர்த்தினால் அமைதி என்று முதல் வாரத்திலேயே பிள்ளைகளைப் பழக்கிவிடச் சொல்லுங்கள்.

அடுத்து, நீங்கள் பார்த்த அந்த இரவு பத்து மணி நோட்டுக் கட்டு. இதில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குடும்ப நேரத்தை அதிகம் தின்பது இதுதான். தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியை எல்லாப் பாடமும் எடுப்பது வழக்கம். 30 பிள்ளைகள் என்றால் நான்கு பாடத்துக்கு 120 நோட்டு. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வைத்தாலும் நான்கு மணி நேரம். ஒருநாளும் முடியாத கணக்கு இது. எல்லா நோட்டையும் எல்லா நாளும் வரிக்கு வரி திருத்துவதுதான் நல்ல ஆசிரியைக்கு அடையாளம் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும்.

ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 5, 6-ஆம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும் சேர்த்துக் கொடுத்தார். கருத்து மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மதிப்பெண் கண்ணில் பட்டதும் கீழே எழுதியிருந்த கருத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. இரவு உட்கார்ந்து மதிப்பெண்ணும் போட்டு, ஐந்து வரி அறிவுரையும் எழுதுகிற ஆசிரியையின் உழைப்பில் பாதி வீணாகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நான் செய்த முறை இது. பிள்ளைகள் எழுதும்போதே பேனாவோடு வரிசைக்குள் நடப்பேன். பத்துப் பன்னிரண்டு நோட்டை அங்கேயே பார்த்து, தவறை வாயாலேயே சொல்லிவிடுவேன். சின்னப் பிள்ளைக்கு மறுநாள் வரும் சிவப்பு மையைவிட அந்த நிமிடத்துச் சொல்தான் மண்டையில் ஏறும். மிச்சத்தைப் பாடம் முடியும்போது வாங்கி வேகமாகப் புரட்டி, புரிந்தவர்கள், தடுமாறுகிறவர்கள், புரியாதவர்கள் என்று மூன்றாக அடுக்குவேன். மூன்றாவது அடுக்கில் இருப்பவர்களை மறுநாள் காலையில் பக்கத்தில் உட்காரவைப்பேன். எல்லோரும் செய்திருக்கும் பொதுத் தவறைக் கரும்பலகையில் திருத்துவேன். கட்டுரை, பரீட்சைத் தாள் மாதிரி உண்மையிலேயே நேரம் கேட்பவற்றுக்கு மட்டும் வாரத்தில் ஒருநாள் பள்ளியிலேயே ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்து முடித்துவிடுவேன். நோட்டுக் கட்டு வீட்டு வாசலைத் தாண்டாது என்பது எங்கள் வீட்டு விதி. வருடத்தில் இரண்டு மூன்று முறை, தேர்வு சமயத்தில், அதை மீறியிருக்கிறேன்.

சில பள்ளிகளில் நோட்டில் சிவப்பு மை இல்லையென்றால் தலைமையாசிரியர் கேட்பார், பெற்றோர் கேட்பார்கள். அதனால் எந்த வேலையை எந்த நாளில் திருத்துவேன் என்று ஓர் அட்டவணை போட்டு முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் காட்டிவிடுவது நல்லது. சொல்லாமல் குறைத்தால் சோம்பல் என்பார்கள். சொல்லிவிட்டுச் செய்தால் திட்டம் என்பார்கள்.

பாடத் தயாரிப்பு முதல் வருடம் மலைபோல் தெரியும். அதை மாற்ற முடியாது. இரண்டாவது வருடமும் அதே வகுப்பையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள், முடிந்தால் மூன்றாவது வருடமும். இந்த ஒரு வேண்டுகோள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைத் திருப்பிக் கொடுக்கும். வருடத்துக்கு ஒரு வகுப்பு மாறுகிறவர் ஒவ்வொரு வருடமும் புது ஆசிரியைதான். அதே வகுப்பின் இன்னொரு பிரிவை எடுப்பவரோடு பாடங்களைப் பங்குபோட்டுத் தயாரிப்பதும் பெரிய சேமிப்பு.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு இப்போது புதுப் பாரம். இரவு ஒன்பதரைக்கு ‘மிஸ், நாளைக்கு என்ன கொண்டுவரணும்?’ என்று வரும். ஒருமுறை பதில் சொல்லிவிட்டால் அதுவே தினமும் பதில் சொல்லும் நேரமாகிவிடும். முதல் பெற்றோர் சந்திப்பிலேயே, மாலை இத்தனை மணிக்குப் பிறகு வரும் செய்திகளுக்குக் காலையில்தான் பதில் வரும், அவசரமென்றால் பள்ளி எண்ணுக்கு அழையுங்கள் என்று கனிவாகச் சொல்லிவிட வேண்டும். பெற்றோர்கள் புரிந்துகொள்வார்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நாள் கட்டாயம் வரும், அதுவும் முக்கியமான நாளாகப் பார்த்துத்தான் வரும். வேறு வேலைகளில் கோப்பு காத்திருக்கும். வகுப்பறை காத்திருக்காது. அதனால் இரண்டு நாளுக்கான பயிற்சித் தாள்கள், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், யாருக்கு என்ன ஒவ்வாமை என்ற குறிப்பு, இவ்வளவையும் ஒரே உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டால், யார் வந்தாலும் வகுப்பு நடக்கும். அவளும் குற்ற உணர்ச்சியில்லாமல் குழந்தை பக்கத்தில் உட்காரலாம்.

பேரனை அதே பள்ளியில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போக்குவரத்துக்கு வசதிதான். ஆனால் அவனுடைய ஒவ்வொரு குறும்பும் இடைவேளைக்குள் அம்மா காதுக்கு வந்துவிடும். அவள் வகுப்பிலேயே அவன் இருக்க வேண்டாம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

முழுநேரம் இப்போது முடியாது என்று அவளுக்குத் தோன்றினால் அதில் வெட்கம் வேண்டாம். 1966 அக்டோபர் 5-ஆம் தேதி யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கொண்டுவந்த ஆசிரியர்களுக்கான பரிந்துரை, முழுநேரம் வேலை செய்ய இயலாத தகுதியுள்ள ஆசிரியர்களின் பகுதிநேரப் பணிக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. குடும்பப் பொறுப்புள்ள ஆசிரியைகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பணி பெற வழி வேண்டும் என்றும், இடையில் விலகியவர்கள் திரும்பி வர ஊக்கம் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. உலக ஆசிரியர் நாள் அந்தத் தேதியில்தான் வருகிறது. பேத்திக்கு நான்கு வயதாகும்வரை பகுதிநேரம், பிறகு முழுநேரம் என்பதும் நல்ல திட்டம்தான்.

ஒன்றை மட்டும் நீங்கள் கவனித்துக்கொண்டே இருங்கள். களைப்பு எல்லா ஆசிரியைக்கும் உண்டு, ஞாயிறு தூங்கினால் போய்விடும். வேலையால் வரும் சோர்வு நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் விளக்கியபோது அதை நோய் என்று சொல்லவில்லை. மூன்று அடையாளங்களைச் சொன்னது. சக்தி வற்றிப்போதல், வேலையிடம் மனம் விலகிக் கசந்துபோதல், என்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். இரண்டாவதுதான் வீட்டில் முதலில் கேட்கும். வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சிரித்துச் சிரித்துக் கதை சொன்னவள், ‘அதுங்க’ என்று பேச ஆரம்பித்தால், அது சாதாரணக் களைப்பு இல்லை. அப்போது ‘வேலையை விட்டுடு’ என்றும் சொல்லாதீர்கள், ‘எல்லாருக்கும் இப்படித்தான்’ என்றும் சொல்லாதீர்கள். எந்தச் சுமையை இறக்கலாம் என்று கூட உட்கார்ந்து பாருங்கள்.

மருமகனிடமும் பேச வேண்டும். நான் வேலையில் இருந்தபோது என்னை அதிகம் சோர்வாக்கியது ‘நான் என்ன செய்யட்டும், சொல்லு’ என்ற கேள்வி. பாசமாகத்தான் கேட்பார்கள். ஆனால் யோசிக்கிற வேலை அப்போதும் என் தலையில்தான் இருந்தது. காலையில் பையனைக் கிளப்புவது முழுக்க அவர் பொறுப்பு என்றால், சாக்ஸ் எங்கே என்று தேடுவதும் அவர் பொறுப்புதான். அப்படி இரண்டு மூன்று வேலைகள் முழுசாகக் கைமாற வேண்டும். உங்களுக்கும் வயதாகிறது. இரண்டு குழந்தைகளையும் வாரம் ஆறு நாளும் நீங்களே பார்க்கிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதல் மூன்று மாதத்தில் வேலையை விடுவதா வேண்டாமா என்ற பேச்சே வீட்டில் வேண்டாம். ஒரு முழுக் கல்வியாண்டு ஓடட்டும். இப்போதைக்கு மகளிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள். பணி ஆணை கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடும் முன் வாரப் பாடவேளை அட்டவணையைக் கேட்டு வாங்கி என்னிடம் காட்டச் சொல்லுங்கள். மூவரும் சேர்ந்து உட்கார்ந்து, வீட்டு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.