கயிற்றில் இறங்குவது: கடிதம்

அன்புள்ள சார்,

அடுத்த மாதம் அலுவலகத் தோழிகளோடு ராமநகரத்துக்கு ராப்பெல்லிங் (கயிற்றின் உதவியோடு பாறையிலிருந்து இறங்குவது) போகிறேன். மூன்றாவது மாடி பால்கனியில் நின்றாலே எனக்குக் கால் கூசும். கையில் பலமும் கிடையாது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு போனால் போதுமா?

ச., பெங்களூரு

அன்புள்ள ச.,

கை பலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் எடையைத் தாங்கப்போவது இடுப்பில் மாட்டும் ஹார்னஸ்தான். கயிறு ஒரு உலோகக் கருவிக்குள் வளைந்து போகிறது, அந்த உராய்வு வேகத்தை அடக்குகிறது. கீழே தொங்கும் கயிற்றைப் பிடித்திருக்கும் கையை பிரேக் கை என்பார்கள். இறுக்கினால் நிற்பீர்கள், தளர்த்தினால் இறங்குவீர்கள். கால் வழுக்கினாலும், கன்னத்தில் எறும்பு ஊர்ந்தாலும் அந்தக் கையை விடக்கூடாது. நூறு வருடங்களுக்கு முன்பு இந்தக் கருவியெல்லாம் இல்லை. கயிற்றைத் தொடையிலும் மார்பிலும் தோளிலும் சுற்றிக்கொண்டு, தோல் எரிய இறங்கினார்கள். ஜெர்மன் மலையேறி ஹான்ஸ் டுல்ஃபரின் பெயரில் அந்த முறை இன்றும் அறியப்படுகிறது.

இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் இதில் ஆபத்து. பாறை ஏறுபவருக்குக் கையும் காலும் பிடித்திருக்கும், விழுந்தால்தான் கயிறு. இறங்கும்போது மொத்த உடம்பும் கயிற்றை நம்பியே இருக்கிறது. கயிற்றின் நுனியில் முடிச்சுப் போட மறந்து, நுனியைத் தாண்டி விழுந்தவர்களில் தேர்ந்த மலையேறிகளும் உண்டு. அதனால் வீடியோவை வேடிக்கைக்குப் பாருங்கள். கயிற்றை மேலே பிணைத்துவைக்கும் ஆங்கரைக் கட்டுவது பயிற்சியாளரின் வேலை.

ஆனால் அவரிடம் கேள்வி கேட்கலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு ஆங்கராவது இருக்கிறதா? இறங்கும் கயிறு போக, எனக்கென்று தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு உண்டா? கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பாரா? நீங்கள் தவறினாலும் அவர் இழுத்துப் பிடித்தால் நின்றுவிடுவீர்கள். ஹார்னஸ் பக்கிளையும், கருவியை ஹார்னஸில் மாட்டும் கேரபினர் கொக்கியின் பூட்டையும் யாராவது கையால் தொட்டுச் சரிபார்ப்பார்களா? இதற்கெல்லாம் "ஒண்ணும் ஆகாது மேடம்" என்று பதில் வந்தால், பிடதியில் தட்டே இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். எந்தப் பாறை, அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள். அங்கே இருக்கும் ராமதேவர பெட்டா என்ற மலை 2012 முதல் பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம்.

அப்புறம், பால்கனி பயம். விளிம்பைத் தாண்டும் முதல் இரண்டு மூன்று அடிதான் கஷ்டம். பாறையைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். கட்டிக்கொண்டால் கால் வழுக்கும். கால்களை அகட்டி, பாதம் முழுக்கப் பாறையில் பதித்து, நாற்காலியில் சாய்வதுபோல் பின்னால் சாயுங்கள். எடை ஹார்னஸுக்குப் போனதும் பலருக்கும் பயம் பாதி குறைந்துவிடும். பிறகு நடந்தே இறங்குங்கள். சினிமாவில் வருவதுபோல் குதித்துக் குதித்து இறங்கினால் ஒவ்வொரு குதியும் ஆங்கரை உலுக்கும்.

ஹெல்மெட் கட்டாயம். முடியை இறுக்கிப் பின்னிக்கொள்ளுங்கள், துப்பட்டா வேண்டாம். இரண்டும் கருவிக்குள் சிக்கினால் பாதி வழியில் தொங்க நேரிடும். முதலில் சின்னப் பாறையில் இறக்கச் சொல்லுங்கள். பெரிய பாறைக்கு வரும்போது வரிசையில் முதலிலேயே நின்றுவிடுங்கள். மேலே வெயிலில் உட்கார்ந்து தோழிகள் அலறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தால் பயம் கூடத்தான் செய்யும்.