முதலில் நிற்கப் பழகட்டும், அந்தர் பல்டி அப்புறம்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. டிராம்போலின் (ஸ்பிரிங்குகளில் இழுத்துக் கட்டிய, துள்ளிக் குதிக்கும் விரிப்பு) பார்க் போய் வந்ததிலிருந்து, வீடியோ பார்த்து அந்தர் பல்டி பழகப்போவதாக அடம்பிடிக்கிறாள். மொட்டை மாடியில் வலை கட்டிய டிராம்போலின் வாங்கிப் போடலாமா? அவள் தம்பிக்கு 5 வயது.

பதில்: மொட்டை மாடியில் வேண்டவே வேண்டாம். வலை இருந்தாலும் சரி. டிராம்போலினில் நிறைய காயங்கள் விரிப்பின் மேலேயே ஏற்படுகின்றன. அவற்றை வலை தடுக்காது. வீட்டில் டிராம்போலின் வைத்துக் குதிப்பதையே அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு 2012 அறிக்கையில் தவிர்க்கச் சொல்கிறது. காயங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து குதிக்கும்போது ஏற்படுபவையாம். அடிபடுவது பெரும்பாலும் சின்னப் பிள்ளைக்குத்தான். கனமானவர் அழுத்திய விரிப்பு மேலே எழும்பும் நொடியில் சிறு பிள்ளை வந்து இறங்கினால், அந்த விசை முழுக்க அதன் காலில் ஏறும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவது இப்படித்தான். உங்கள் மகனை இப்போதைக்கு ஏற்றவே வேண்டாம். 6 வயதுக்குக் கீழே கூடாது என்பதே மருத்துவர்கள் கருத்து.

மகளின் ஆசை நல்ல ஆசைதான். 2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து டிராம்போலின் பதக்க விளையாட்டு. ஆனால் வீடியோ பார்த்துப் பழகும்போது, காற்றில் உடம்பு கோணுவதைப் பார்த்து நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. பல்டி தவறித் தலைகீழாக விழுந்தால் கழுத்தெலும்பும் தண்டுவடமும் பாதிக்கப்படலாம். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

நல்ல பயிற்சியாளர் முதல் வகுப்பில் நிற்கத்தான் சொல்லித்தருவார். இறங்கும்போது முழங்காலை மடக்கி, உந்துதலை வாங்கிக்கொண்டு அதே இடத்தில் நிற்பது. தடுமாறும்போதெல்லாம் கைகொடுப்பது இதுதான். பிறகு நடுக்குறியை விட்டு விலகாமல், விரிப்பின் முனையைப் பார்த்தபடி தாழ்வாகக் குதிப்பது. அதற்கப்புறம் காற்றில் முழங்காலை மடக்குவது, அரைச்சுற்று, உட்கார்ந்து இறங்குவது, கை-முழங்காலில் இறங்குவது, கடைசியாக மோவாயை நெஞ்சோடு ஒட்டி முதுகில் இறங்குவது. இவையெல்லாம் உறுதியான பிறகே பல்டி. அதுவும் முதலில் இடுப்பில் பெல்ட் கட்டி மேலிருந்து கயிற்றால் பிடித்தபடி, அல்லது இறங்கும் இடத்தில் பயிற்சியாளர் தடித்த மெத்தையைத் தள்ளிவிட.

சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். ஒரு விரிப்பில் ஒருவர்தான் ஏறுகிறாரா? ஸ்பிரிங்குகள் மூடியிருக்கின்றனவா? கால் சோரும்முன் இறக்கிவிடுகிறார்களா? “பல்டி எப்போது வரும்?” என்று கேளுங்கள். ஒரே வாரத்தில் என்றால் வேறு இடம் பாருங்கள். பயிற்சியாளர் டிராம்போலினுக்கென்றே பயிற்சி பெற்றவரா என்றும் கேட்டுவிடுங்கள். பார்க்கில் விசிலோடு நிற்பவர் கண்காணிப்பாளர் மட்டுமே, அவரைப் பயிற்சியாளராக நினைத்துவிட வேண்டாம்.

ஒருவேளை கழுத்தில் அடிபட்டால் தூக்கி உட்காரவைக்காதீர்கள். தலையை அசைக்காமல் படுத்தபடியே வைத்து 108ஐ அழையுங்கள்.