ஸ்லைடில் ரத்தம் பிரிந்தால் சர்க்கரை குறையுமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு முகாமில் அவர் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து டிவியில் காட்டினார்கள். அணுக்கள் காசை அடுக்கி வைத்ததுபோல் ஒட்டிக் கிடந்தன. ஸ்பைருலினா என்ற பாசிப் பொடி கரைத்த பானம் ஒரு டம்ளர் கொடுத்து, இருபது நிமிடம் கழித்து மறுபடி குத்தி எடுத்துக் காட்டியபோது தனித்தனியாக நீந்தின. எனக்கு நம்பிக்கை வரவில்லை. நானே ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினேன். அந்தப் பொடியைச் சலைனில் கரைத்து, என் ரத்தத்தோடு ஒரு சொட்டு சேர்த்துப் பார்த்தேன். கண்ணெதிரே பிரிந்தன. மாதம் 4,800 ரூபாய் ஆகிறது. மாத்திரையை விட்டுவிட்டு இதை மட்டும் எடுக்கட்டுமா என்கிறார் அப்பா.

பதில்: மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதை அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

நீங்கள் பார்த்தது உண்மைதான். அதற்குச் சொல்லப்பட்ட அர்த்தம்தான் பொய். சிவப்பணுக்கள் அப்படி அடுக்காக ஒட்டுவதை லேபில் ‘ரூலோ’ என்போம். ஆரோக்கியமானவர் ரத்தத்திலும் அது வரும். ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்றொரு புரதம் இருக்கிறது. ரத்தம் ஓடாமல் நின்றால் அது அணுக்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துவிடும். வாய்க்காலில் ஓடும்போது தனித்தனியாகப் போகும் சருகுகள், தண்ணீர் நின்ற இடத்தில் ஒட்டிக்கொண்டு மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தக் குழாயில் ஓட்டத்தின் வேகமே அடுக்குகளைக் கலைத்துக்கொண்டிருக்கும். கண்ணாடியில் ஓட்டம் ஏது?

இன்னொன்று, சொட்டின் கனம். சிவப்பணுவின் குறுக்களவு 7 அல்லது 8 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). சொட்டை மூடும் 22 மில்லிமீட்டர் சதுரக் கண்ணாடித் தகட்டின் (கவர் ஸ்லிப்) கீழ் 10 மைக்ரோலிட்டர் ரத்தம் வைத்தால் சுமார் 20 மைக்ரான் கனத்தில் பரவும். அதற்குள் அணுக்கள் நெருக்கியடித்து அடுக்காகத்தான் நிற்கும். சின்னச் சொட்டு வைத்து லேசாக அழுத்தினால் பிரிந்துவிடும். ஒரே ஸ்லைடில் கனமான இடத்திலிருந்து மெல்லிய இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள், இரண்டு காட்சியும் கிடைக்கும். முகாமில் முதல் சொட்டைப் பெரிதாக வைத்துச் சில நிமிடம் பேசிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது சொட்டைச் சிறிதாக வைத்து உடனே காட்டுவார்கள். அதற்கு ஸ்பைருலினா தேவையில்லை. இருபது நிமிடத்தில் அந்தப் பானம் முழுவதும் செரித்து ரத்தத்தில் சேர்ந்தே இருக்காது.

உங்கள் பரிசோதனைக்கு வருகிறேன். பொடி வேலை செய்ததாக நினைக்கிறீர்கள். வேலை செய்தது சலைன். ரத்த வங்கியில் ரத்தம் பொருத்திப் பார்க்கும்போது, அணுக்கள் வெறும் ரூலோவாக ஒட்டியிருக்கின்றனவா, நிஜமாகவே கட்டியாகியிருக்கின்றனவா என்ற சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு சலைன்தான் விடுவோம். ரூலோ கலைந்துவிடும், கட்டி கலையாது. அணுக்கள் மிதக்கும் திரவமான பிளாஸ்மாவில் உள்ள புரதம் நீர்த்துப்போவதுதான் காரணம். பொடியே இல்லாமல் வெறும் சலைனை விட்டுப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் எட்டு ஸ்லைடு போடுங்கள். நாலில் வெறும் சலைன், நாலில் பொடி கரைத்த சலைனை வடிகட்டி விடுங்கள். எது எது என்று உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் ஒருவர் எண் போடட்டும். பொடி உள்ள நாலையும் நீங்கள் பிரித்துச் சொல்ல முடிகிறதா? குருட்டாம்போக்கில் சரியாக வர 70-ல் ஒரு வாய்ப்புதான்.

இதைப் பெரிய அளவில் சோதித்தும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் கீசன் நகரில் 110 பேரின் ரத்தத்தை இப்படி இருள்புல மைக்ராஸ்கோப்பில் (பின்னணி இருட்டாகவும் அணுக்கள் மினுக்கியும் தெரியும் வகை) பார்த்துப் புற்றுநோய் சொல்லச் சொன்னார்கள். முடிவு 2005-ல் வெளியானது. புற்று பரவியிருந்தவர்கள் 12 பேர். அதில் கண்டுபிடித்தது 3 பேரை. ஆனாலும் இங்கே மண்டபம் மண்டபமாகத் திரை கட்டி, மினுக்கும் கொழுப்புத் துளியைக் கிருமி என்றும் ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் நூலைப் புழு என்றும் காட்டுகிறார்கள். காலையில் நெய் தோசை சாப்பிட்டவர் ரத்தத்தில் அந்த மினுக்கல் இருக்கத்தான் செய்யும்.

ஒரே ஒரு இடத்தில் நாங்களும் ரூலோவைப் பொருட்படுத்துவோம். அதை விவரமாகச் சொல்லியாக வேண்டும். சாயமேற்றிய ரத்தப் பூச்சில், அணுக்கள் இயல்பாகப் பிரிந்திருக்க வேண்டிய மெல்லிய பகுதியிலும் அடுக்குகள் தெரிந்தால், மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்று இருக்கலாமோ என்று பார்ப்போம். பெரும்பாலும் இ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகம்) மிக உயர்ந்திருக்கும், ஹீமோகுளோபின் குறைந்திருக்கும், முதுகெலும்பில் விடாத வலி இருக்கும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருக்கலாம். அப்போது ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரிசிஸ் என்ற பரிசோதனை செய்வோம். அப்பாவுக்கு முதுகுவலியோ காரணமில்லாத சோர்வோ இருந்தால், ரத்த எண்ணிக்கையும் இ.எஸ்.ஆரும் பார்த்துவிடுங்கள். மைலோமாக்காரர் ஸ்லைடிலும் சலைன் விட்டால் அடுக்கு கலையும். அதைக் காட்டி ‘குணமாகிவிட்டது’ என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எனக்குத் தூக்கம் கெடுவது இதை நினைத்துத்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மந்திர வைத்திய விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் வருடச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோய் பெயர் சொல்லியே இருக்கிறது. இந்த மாதிரி டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சடிக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு பக்கம் மருந்தல்ல என்று அச்சடித்துவிட்டு, மறுபக்கம் மைக்ராஸ்கோப் வைத்து மருந்தாக விற்கிறார்கள். வாயால் சொல்வதை யார் பதிவு செய்வது? நான் இரண்டு முறை புகார் எழுதினேன். ‘எங்கள் துறை இல்லை’ என்று இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்தது. உங்களால் முடிந்தால் முகாமில் பேசுவதை போனில் பதிவு செய்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

விற்றவர் உங்கள் பெரியப்பா மகனாகவோ அப்பாவின் பழைய நண்பராகவோ இருக்கலாம். அவர் ஏமாற்றுகிறார் என்றுகூட இல்லை, பெரும்பாலும் அவரும் நம்பித்தான் பணம் கட்டியிருப்பார். அதனால் அப்பாவிடம் அவரைத் திட்ட வேண்டாம். ஹெச்பிஏ1சி பாருங்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை அது காட்டும். இன்று ஒன்று, மாத்திரை தவறாமல் மூன்று மாதம் கழித்து ஒன்று. இரண்டு சீட்டையும் அப்பா கையில் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். அந்த மண்டபத்தில் அப்பாவுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் விரல் நீட்டினார்கள்? ஊசியை மாற்றினார்களா, அல்லது ஒரே ஊசிப் பேனாவால் எல்லோரையும் குத்தினார்களா? ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் குறைந்தது ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். மாற்றியதை நீங்கள் கண்ணால் பார்க்கவில்லை என்றால், அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி, சி, ஹெச்.ஐ.வி. பரிசோதனையை இப்போது ஒரு முறையும் ஆறு மாதம் கழித்து ஒரு முறையும் செய்துவிடுங்கள்.